சுக்கானக்கா படகை நகர்த்துகிறாள்

உள்ளே இருந்த எஞ்சினை வெளியே எடுத்தாகிவிட்டது. வெளியே மாட்ட வேண்டிய எஞ்சின் இன்னும் வீட்டுக் கூடத்தில், பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு, சோபாவில் படுத்திருந்தது. படகு இப்படி அதுவும் இல்லாமல் இதுவும் இல்லாமல் நிற்கிற நேரம் பார்த்துத்தான் துறைமுக அலுவலகத்தின் இழுவைப் படகு வந்து பக்கத்தில் நின்றது.

"இது ஓடாத படகு. இழுத்துட்டுப் போய் உடைக்கிற மேட்டுல போடச் சொல்லி உத்தரவு," என்றான் இழுவைப் படகுக்காரன்.

"ஓடாதுன்னு யாரு சொன்னா?" என்று கேட்டாள் சுக்கானக்கா. படகின் நடுவில், எஞ்சின் இருந்த பள்ளத்தில், இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள்.

"எஞ்சின் எங்க?"

"வீட்டுல இருக்கு."

"எஞ்சின் வீட்டுல இருந்தா படகு எப்படி ஓடும்?"

"உன் மூளைகூடத்தான் வீட்டுல இருக்கு. நீ வேலைக்கு வரலையா?"

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். இழுவைப் படகுக்காரன் சிரிக்கவில்லை. கயிற்றை எடுத்தான். சுக்கானக்கா மீன் வெட்டும் கத்தியை எடுத்தாள். அவன் கயிற்றைக் கீழே வைத்தான்.

"திங்கட்கிழமை பரிசோதகர் வர்றாரு. துறைமுக வாசல்ல இருக்கிற சிவப்பு மிதவை வரைக்கும் சொந்த எஞ்சின்ல போய்த் திரும்பி வரணும். வரலைன்னா இடம் போச்சு," என்று சொல்லிவிட்டுப் போனான். போகும்போது, "அதுக்கு முன்னாடியும் நான் வருவேன்," என்று ஒரு கொசுறும் சேர்த்துக்கொண்டான்.

இடம் போச்சு என்றால் சும்மா இல்லை. ஐஸ் கட்டிக் கிடங்குக்கு நேர் எதிரே, படிக்கட்டை ஒட்டி, துறையிலேயே நல்ல இடம் அது. அது காலியானால் வரிசையில் அடுத்த ஆள் அவளுடைய கொழுந்தன்தான். அவனிடம் பளபளவென்று புதுப் படகு இருந்தது, கட்ட இடம்தான் இல்லை. பாவம், நடுத் தண்ணீரில் ஒரு மிதவையில் கட்டிவிட்டு, தினமும் அடுத்தவர் படகில் தொற்றிக்கொண்டு கரைக்கு வருவான். பாவம் என்று சொன்னது நான். சுக்கானக்கா அப்படிச் சொல்லமாட்டாள்.

"அண்ணி, எதுக்கு இந்த வீம்பு?" என்றான் கொழுந்தன் அன்றைக்கும், கரையில் நின்றபடி. "படகை உடைச்சிருங்க. அண்ணன் என் படகுல வேலைக்கு வரட்டும். நீங்களும் வாங்களேன், மீன் பிரிக்கலாம்."

"மீன் பிரிக்கிறதா? இந்தக் கையா?"

அந்தக் கை கல்யாணமான வருஷத்திலிருந்து சுக்கானைப் பிடித்த கை. புருஷன் வலை இழுப்பார், அவள் திசை பிடிப்பாள். அதனால்தான் அந்தப் பேர். பெற்றவர்கள் வைத்த பேர் துறையில் யாருக்கும் நினைவில்லை.

"தலைகீழா நின்னாலும் சரி, இந்தப் படகு திங்கட்கிழமை அந்த மிதவையைச் சுத்திட்டு வரும். நீ இதே இடத்துல நின்னு பாரு," என்றாள்.

சவால் விட்டாகிவிட்டது. விடுவது சுலபம். பிறகுதான் இருக்கிறது வேலை.

அவர்களுடைய படகு பழைய மரப் படகு. பின்பக்கமும் முன்பக்கம் போலவே கூம்பியிருக்கும். புதுப் படகுகளுக்குப் பின்பக்கம் பலகை போலத் தட்டையாக இருப்பதால் வெளி எஞ்சினைத் தூக்கி அப்படியே மாட்டிவிடலாம். இதில் மாட்டினால் வழுக்கிக் கடலுக்குள் போய்விடும். ஆகவே பின்னால் துருத்திக்கொண்டு நிற்கிற மாதிரி ஓர் இரும்பு பிராக்கெட் செய்து, அதில்தான் எஞ்சினைத் தொங்கவிட வேண்டும். சுக்கானைக் கழற்றிவிட்டு, இனி எஞ்சினின் கைப்பிடியைத் திருப்பித்தான் திசை பிடிக்க வேண்டும்.

சாயங்காலம் சுக்கானக்கா படபடவென்று உத்தரவுகள் போட்டாள்.

வெல்டரிடம்: "பிராக்கெட் நாளைக்குக் காலையில வேணும். தூங்கினா உன் பொண்டாட்டிகிட்ட சொல்லுவேன்."

புருஷனிடம்: "ஏங்க, பழைய எஞ்சினோட தண்டு வெளிய போற ஓட்டை இருக்கே, அதுக்குக் கட்டை செதுக்கி அடிங்க. தார் பூசுங்க. பேசிட்டே நிக்காதீங்க."

அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பேசுகிற வழக்கமும் இல்லை. "சரி," என்றார்.

கடைசியாக, வேலைக்கு வந்துகொண்டிருந்த இரவுக் காவலாளியிடம். அவனுக்குத் துறையில் ஆந்தை என்று பேர். ஒரு காலத்தில் தண்ணீருக்குள் மூழ்கி, எஞ்சின் விசிறிகளில் சுற்றிக்கொண்ட வலைகளை அறுத்துக் கொடுத்தவன். சொன்னால் சொன்னபடி செய்வான். ஒரு நூல் கூடவும் செய்யமாட்டான், குறையவும் செய்யமாட்டான்.

"தம்பி, அந்த இழுவைப் படகுக்காரன் திரும்பி வருவான். யார் வந்து இழுத்தாலும் சரி, என் படகு இந்த இடத்தை விட்டு ஒரு அடி நகரக் கூடாது. நான் சொல்ற வரைக்கும் நகரக் கூடாது."

"சரிக்கா. எப்படின்னா..."

"எப்படின்னு எனக்குச் சொல்லாதே! நாளைக்கு ஆபீஸ்ல கேட்டா, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நான் சத்தியம் பண்ணணும். பொய்ச் சத்தியம் நான் பண்ணமாட்டேன். நீயும் யார்கிட்டயும் மூச்சு விடாதே."

ஆந்தை தலையாட்டினான்.

காலையில் வந்து பார்த்தால் ஒரு வேலை தானாகவே முடிந்திருந்தது. கரையின் விளிம்பில், இரண்டு உருட்டுக்கட்டைகளின் மேல், போகிறவர் வருகிறவர் கால்களையெல்லாம் பதம் பார்த்துக்கொண்டிருந்த பழைய எஞ்சினைக் காணோம்.

"பழைய இரும்புக் கடைக்காரன் எடுத்துட்டுப் போயிருப்பான்," என்றார் புருஷன்.

"விலை பேசாம எடுத்துட்டுப் போறானா, திருட்டுப் பய! போகட்டும். பீடை ஒழிஞ்சது," என்றாள் சுக்கானக்கா.

அவள் வெல்டரின் பட்டறைக்குப் போயிருந்தபோது இழுவைப் படகுக்காரன் சொன்னபடியே வந்தான். ஆள் இல்லை என்று தைரியமாகக் கயிற்றைக் கட்டி இழுத்தான். கயிறு பட்டென்று அறுந்து அவன் தொப்பியைத் தட்டிக்கொண்டு போனது. "கயிறு பழசு," என்று முணுமுணுத்துக்கொண்டே போனானாம். சுக்கானக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீங்களா? அதுக்கும் ரோஷம் இருக்கு. கண்டவன் இழுத்தா போகுமா?"

பிராக்கெட்டை மாட்டினார்கள். சோபாவில் படுத்திருந்த எஞ்சினை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து பிராக்கெட்டில் தொங்கவிட்டார்கள். சுக்கானக்கா கயிற்றை ஒரு சுண்டு சுண்டினாள். ஒரே சுண்டில் எஞ்சின் கிளம்பியது. பழைய எஞ்சின் கிளம்புவதற்குள் ஆறிப்போன காபியை மூன்று தரம் சூடாக்கிவிடலாம். இது கிளம்பிய வேகத்தைப் பார்த்து கொழுந்தனின் முகத்தில் ஈயாடவில்லை.

"வழி விடுங்கடா!" என்று கத்திக்கொண்டு கைப்பிடியைத் திருகினாள்.

படகு ஜம்மென்று கிளம்பியது. இரண்டு படகு நீளம் போனது. அப்புறம் என்ன நினைத்ததோ, மூக்கைத் தண்ணீரில் குத்தி ஒரு கும்பிடு போட்டு, அப்படியே அரைவட்டம் அடித்து, வந்த வழியே திரும்பி வந்து கரையில் முட்டி நின்றது.



"அண்ணி, சீப்பு ஏதும் மறந்துட்டீங்களா?" என்று கேட்டான் கொழுந்தன்.

திரும்பவும் போனாள். திரும்பவும் அதே இரண்டு படகு நீளம், அதே கும்பிடு, அதே அரைவட்டம்.

வெல்டர் தாடையைச் சொறிந்தான். "பிராக்கெட் தாழ்வா இருக்கு அக்கா. விசிறி ஆழத்துல இருந்து உந்துது. பின்னாடி தூக்கிக் குடுத்தா முன்னாடி குத்தத்தானே செய்யும்?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. தப்பான யோசனைகள் எல்லாமே கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கின்றன. பிராக்கெட்டை ஒரு சாண் உயர்த்தினார்கள். மறுபடி கிளப்பினார்கள். இப்போது விசிறி பாதி தண்ணீரிலும் பாதி காற்றிலும் சுற்றியது. எஞ்சின் வீல் என்று அலறியது. பின்னால் எழும்பிய தண்ணீர் கரையில் நின்றவர்களைத் தலையோடு கால் நனைத்தது. கொழுந்தன் அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். அது ஒன்றுதான் அன்றைய ஆறுதல்.

படகு? இரண்டு படகு நீளம். கும்பிடு. அரைவட்டம்.

இருட்டும் நேரத்தில் ஆந்தை வேலைக்கு வந்தான். படகு இருந்த இடத்தையும் கரையையும் ஒரு பார்வை பார்த்தான். முகமெல்லாம் பல்.

"இடத்தை விட்டு நகரல, பாத்தீங்களாக்கா!"

சுக்கானக்காவுக்கு உச்சந்தலை சூடேறியது. "உனக்கும் இளக்காரமா போச்சாடா?" என்று கையில் இருந்த ஈரத் துணியை எறிந்தாள். ஆந்தை அதைப் பிடித்து, மடித்து, கம்பியில் காயப்போட்டுவிட்டு, ஒன்றும் புரியாமல் போய்விட்டான்.

அடுத்த நாள் புருஷன் வாயைத் திறந்தார். "பின்னாடி பாரம் வெச்சா விசிறி தண்ணிக்குள்ள போகும்."

அவர் வாயைத் திறப்பதே அபூர்வம் என்பதால் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். பின்பக்கத்தில் மணல் மூட்டைகள் அடுக்கினார்கள். விசிறி சமர்த்தாகத் தண்ணீருக்குள் போனது. கூடவே, அவர் கட்டை அடித்துத் தார் பூசிய ஓட்டையும் தண்ணீருக்குள் போனது. சுக்கானக்கா கைப்பிடியைத் திருகியதும் கட்டை புட்டிமூடி மாதிரி கிளம்பி அவர் முழங்காலில் அடித்தது. கடல் உள்ளே வந்தது.

"அடைங்க! அடைங்க!"

அவர் கட்டையைத் திரும்பச் செருகி, அதன் மேல் குதிகாலை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார். காலை எடுத்தால் கட்டை கிளம்பியது. வைத்தால் அடங்கியது.

"இப்படியே இருங்க," என்றாள் சுக்கானக்கா.

"சரி," என்றார்.

பின்னால் பாரம் அதிகம் என்று பாதி மூட்டைகளை முன்னால் மாற்றினார்கள். இப்போது கும்பிடு இன்னும் பணிவாக விழுந்தது. ஓர் அலை முன்பக்கமாக ஏறி, படகு முழுக்க நடந்து, பின்பக்கமாக இறங்கியது. முன்னும் தாழ்ந்தது, பின்னும் தாழ்ந்தது. நடுவில் மட்டும் மிதந்தது.

"விசிறி வலப்பக்கமா சுத்துது. அதான் படகு ஒரு பக்கமா திரும்புது. பிராக்கெட்டைக் கொஞ்சம் கோணலா வெச்சா நேராயிடும்," என்றான் வெல்டர். இந்த முறை அவன் குரலில் அவ்வளவு உறுதியில்லை. பிராக்கெட்டை வெட்டிக் கோணலாக ஒட்டினான். படகு இடப்பக்கம் அரைவட்டம் அடிப்பதை விட்டுவிட்டு வலப்பக்கம் அரைவட்டம் அடித்தது.

"ஒரு மாறுதலுக்கு நல்லாத்தான் இருக்கு," என்றான் கொழுந்தன். அவன் இப்போது கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். ஐஸ் கிடங்குக்காரர்கூட வேலையை விட்டுவிட்டு அவன் பக்கத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இதே கூத்து. கூட்டம் கலைந்த பிறகு படகில் அவளும் புருஷனும் மட்டும் இருந்தார்கள். அவர் குதிகாலைக் கட்டையின் மேல் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். சுக்கானக்கா ஒரு மணல் மூட்டையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"எனக்கு அழுகையா வருதுங்க," என்றாள்.

அவர் குதிகாலை இன்னும் அழுத்தி வைத்தார்.

"அவன் படகுல நீங்க கூலிக்கு நின்னு, அவன் உங்களை 'அந்தக் கயித்தைப் பிடி, இந்தக் கயித்தை விடு'ன்னு ஏவுறதை என்னால பாக்க முடியாது. செத்தாலும் பாக்க மாட்டேன்."

"எனக்கு அதுல ஒண்ணும் இல்ல," என்றார் அவர். "கயிறு பிடிக்கச் சொன்னா பிடிச்சுட்டுப் போறேன். ஆனா நீ திசை பிடிக்காத படகுல போனா எனக்கு வயித்தைப் புரட்டும். ஒரு தடவை போய்ப் பாத்தேன்."

"எப்போ?"

"நீ பிரசவத்துக்குப் போனப்ப. நாள் பூரா வாந்தி."

இத்தனை வருஷமாக இதைச் சொல்லாமல் இருந்திருக்கிறார் மனுஷன்! சுக்கானக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அழுகை எங்கே போனதென்றே தெரியவில்லை. மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கரையில் எறிந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஆந்தை வந்து சேர்ந்தான். "இன்னைக்கும் நகரலக்கா! நான் இருக்கிற வரைக்கும் நீங்க கவலையே படாதீங்க," என்றான் நெஞ்சை நிமிர்த்தி.

"போடா அந்தாண்ட!" என்று கத்திவிட்டு, அவள் நேரே வெல்டரின் பட்டறைக்கு நடந்தாள்.

பட்டறை மூலையில் ஒரு ராட்சத எஞ்சின் நின்றிருந்தது. அக்கரைக்கு ஆட்களை ஏற்றிப் போகும் பயணிகள் படகுடையது. கைப்பிடியைச் சரிசெய்ய விட்டிருந்தார்கள்.

"அதை என் படகுல மாட்டு."

வெல்டர் எஞ்சினுக்கு முன்னால் கையை விரித்து நின்றான். "அக்கா, அது ஊரான் வீட்டு எஞ்சின்! அதோட, உங்க படகு தாங்காது. பின்பக்கத்தையே பிச்சுக்கிட்டுப் போயிடும்!"

"போகட்டும். எஞ்சினும் பின்பக்கமும் மட்டுமாவது மிதவையைச் சுத்திட்டு வரட்டும். நான் அதுல நின்னுக்கறேன்."

"அவங்களுக்குத் தெரிஞ்சா என்னை உரிச்சிடுவாங்க."

"தெரியாது. நாளைக்கு மத்தியானம் திருப்பித் தந்துடறேன். மாட்டலைன்னா இப்பவே உன்னை நான் உரிச்சிடுவேன். மாட்டு!"

வெல்டர் மாட்டினான். பிராக்கெட்டைப் பழையபடி நேராக்கி, தாழ்த்தி, குறுக்கே இரண்டு இரும்புப் பட்டைகளும் ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு மாட்டினான்.

திங்கட்கிழமை பரிசோதகர் வந்தார். ஒல்லியான மனிதர், மிதவைச் சட்டையைக் கழுத்துவரை இறுக்கிக் கட்டியிருந்தார். படகைப் பார்த்தார். எஞ்சினைப் பார்த்தார். மறுபடி படகைப் பார்த்தார்.

"இந்த எஞ்சின் கொஞ்சம் பெரிசா இல்ல?"

"நாங்க வயிறாரச் சாப்பிடுற குடும்பம்," என்றாள் சுக்கானக்கா.

"அவர் ஏன் ஒரு காலை நீட்டிட்டே உக்காந்திருக்காரு?"

"மூட்டு வலி."

"சரி," என்றார் புருஷன், எதற்கென்று தெரியாமல்.

கரையில் துறை முழுக்கக் கூடியிருந்தது. கொழுந்தன் நாற்காலியை முன்வரிசையில் போட்டிருந்தான். "அண்ணி, அங்கேயே திரும்பிடுங்க, சாருக்கு வேலை இருக்கு," என்றான்.

சுக்கானக்கா கயிற்றைச் சுண்டினாள். துறையில் இருந்த கடற்பறவைகள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

இரண்டு படகு நீளம். மூக்கு தாழ்ந்தது. கும்பிடு விழுந்தது. படகு மெல்லத் திரும்பப் பார்த்தது.

"திரும்புது, திரும்புது!" என்று கரையில் யாரோ கைதட்டினார்கள்.

"திரும்பிப் பாரு, கையை ஒடிச்சிடறேன்!" என்றாள் சுக்கானக்கா. கூட்டத்தைப் பார்த்து அல்ல, படகைப் பார்த்து. கைப்பிடியை இரண்டு கையாலும் எதிர்ப்பக்கம் தள்ளி, கடைசி வரைக்கும் திருகினாள். பிராக்கெட் முனகியது. ஒரு ஆணி டிங் என்று தெறித்தது. பரிசோதகர் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார். படகு நின்ற இடத்திலேயே நடுங்கியது.

"ஏங்க, கால்!"

"வெச்சிருக்கேன்!"

அடியில் ஏதோ பிடி தளர்ந்தது. சேறு குப்பென்று குமிழியிட்டு மேலே வந்தது. படகு ஒரு குலுக்குக் குலுக்கி, முன்னே நகர்ந்தது.

வேகம் என்று சொல்ல முடியாது. கரையில் நடந்து போகிற ஆள் முந்திவிடலாம். எஞ்சின் போடுகிற சத்தத்துக்கு அக்கரைக்கே பறந்திருக்க வேண்டும், இதுவோ மாசமான பெண் மாதிரி அடிமேல் அடி வைத்துப் போனது. ஆனால் போனது! மூன்று படகு நீளம், நான்கு, அப்புறம் எண்ணுகிறவர்கள் எண்ணுவதை விட்டுவிட்டார்கள். கொழுந்தன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"பின்னாடி தண்ணியில கறுப்பா எண்ணெய் வருதே?" என்றார் பரிசோதகர் கண்ணைத் திறந்து.

"புது எஞ்சின். வேர்க்குது."

சிவப்பு மிதவையைச் சுற்றினாள். இடித்தும் கொள்ளவில்லை, உரசியும் கொள்ளவில்லை, நெருக்கி ஒரு வளைவு. கை வலியில் தோள்பட்டை தெறித்தது. இருந்தும் வாய்விட்டுச் சிரித்தாள். புருஷன் காலை எடுக்காமலே அவளைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு வயிற்றைப் புரட்டவில்லை.

திரும்பும் வழியில், கொழுந்தனின் புதுப் படகு கட்டியிருந்த இடத்தைத் தாண்டும்போது அடியில் எதிலோ மாட்டிக்கொண்ட மாதிரி மறுபடி ஒரு இழுப்பு. எஞ்சின் திணறியது. சுக்கானக்கா விடவில்லை, திருகினாள். எஞ்சின் உறுமியது. கரையில் ஒரே கூச்சல்.

"என் படகு! என் படகு! அண்ணி, என் படகை எங்க இழுத்துட்டுப் போறீங்க?"

சுக்கானக்கா திரும்பிப் பார்த்தாள். கொழுந்தனின் பளபளக்கும் படகு, ஆள் இல்லாமல், தன் மிதவையோடு சேர்ந்து, பின்னாலேயே சாதுவாக வந்துகொண்டிருந்தது. கயிறு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அது ஏன் வருகிறது என்று அவளுக்குச் சத்தியமாகத் தெரியாது. அதற்காகத் தெரியாது என்று சொல்லிவிடுவாளா?

"என்னம்மா இது?" என்றார் பரிசோதகர்.

"சொந்த எஞ்சின்ல போய்ட்டு வரணும்னு சொன்னீங்க. சும்மா வர்றதுக்கு எனக்குக் கூச்சமா இருந்துச்சு. அதான், போற வழியில கொழுந்தனாரோட படகையும் கூட்டிட்டு வந்தேன்."

"இந்தப் பழைய படகு இன்னொரு படகையும் இழுக்குதா?"

"கேட்டா உங்க ஆபீஸைக்கூட இழுத்துக் காட்டும்."

படகு தன் இடத்துக்கு வந்து, ஐஸ் கிடங்குக்கு நேர் எதிரே, படிக்கட்டை ஒட்டி நின்றது. கொழுந்தனின் படகும் பின்னாலேயே வந்து முட்டி நின்றது. பரிசோதகர் தள்ளாடிக்கொண்டு கரையேறினார். தரையைத் தொட்டதும் அவருக்கு உயிர் வந்தது.

"இடம் இவங்களுக்குத்தான். இப்படி ஒரு இழுவையை நான் பார்த்ததே இல்ல," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு இழுவைப் படகுக்காரனைப் பார்த்து, "நீ என்னய்யா, இதை இழுக்க முடியாம கயிறு அறுந்துச்சுன்னு சொன்னே?" என்று கேட்டார். அவன் தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டான்.

துறை ஆர்ப்பரித்தது. வெல்டர் நடந்ததெல்லாம் தன் பிராக்கெட்டால்தான் என்று நான்கு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். கொழுந்தன் நாற்காலியை மடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணி, என் படகை..."

"என் படகுக்குப் பின்வரிசையில கட்டிக்கோ தம்பி. பிரிக்க மீன் இருந்தா கூப்பிடறேன்."

சுக்கானக்கா படகின் விளிம்பில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு காலைப்பொழுது வந்ததில்லை. அந்த எஞ்சினைத் திருப்பித் தர வேண்டும், ஓட்டையை அடைக்க வேண்டும், புருஷனின் காலை அங்கிருந்து எடுக்க வேண்டும். எல்லாம் அப்புறம்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆந்தை ஓடி வந்தான். ராத்திரி வேலை முடிந்து வீட்டில் படுத்தவன், எஞ்சின் சத்தத்தில் எழுந்து அப்படியே வந்திருந்தான். சட்டை திருப்பிப் போட்டிருந்தது. படகையும், பின்னால் நின்ற புதுப் படகையும், தண்ணீரில் மிதந்த கறுப்பு எண்ணெயையும் பார்த்தான். அவன் முகம் தொங்கிப்போனது.

"வா தம்பி, வா! பாத்தியா, நகர்ந்துச்சா இல்லையா?" என்றாள் சுக்கானக்கா பெரிய மனசு பண்ணி.

ஆந்தை தலையைக் குனிந்துகொண்டு, ஏறக்குறைய அழுகிற குரலில் சொன்னான்:

"மன்னிச்சுக்கோங்கக்கா, யார் இழுத்தாலும் நகரக் கூடாதுன்னு நீங்க சொன்னதுக்காகத்தான் அந்தப் பழைய எஞ்சினைத் தண்ணிக்குள்ள உருட்டிவிட்டு, சங்கிலி போட்டுப் படகோட மூக்குக்கு அடியில கட்டி வெச்சேன், அதையும் சேத்து இழுத்துட்டுப் போற ஆளு நீங்களாத்தான் இருப்பீங்கன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்?"